ஹார்லெமில் பழைய வீட்டின் ஒரு தளத்தை வாங்குமுன்

நியூயார்க்கில் நல்ல வேலை, கையில் கொஞ்சம் சேமிப்பு இருந்தாலும் மன்ஹாட்டனின் தென்பகுதியில் விலை கேட்டால் தலை சுற்றும். அதனால் நம்மவர்கள் சிலர் ஹார்லெம் பக்கம் வீடு தேடுகிறார்கள். அங்கே 1880-களிலிருந்து 1910 வரை வரிசை வரிசையாக எழுந்த நாலு மாடி ‘பிரவுன்ஸ்டோன்’ வீடுகளைத் தளம் தளமாகப் பிரித்து, புதுப்பித்து, காண்டோவாக விற்கிறார்கள். உயரமான கூரையும் இழைத்த மரக்கதவும் புதுச் சமையலறையும் பார்த்ததுமே மனதைப் பிடித்துக்கொள்ளும். விற்பவர் காட்ட நினைத்தது தானாகவே கண்ணில் படும். மற்றதைத் தேடிப் பார்க்கத்தான் இந்தக் குறிப்புகள்.

1. உள்ளே போகுமுன் எதிர் நடைபாதையில் நின்று முகப்பைப் பாருங்கள். அந்தப் பழுப்புக் கல் பெரும்பாலும் கனெக்டிகட் மாநிலத்தின் போர்ட்லேண்ட் குவாரிகளிலிருந்தும் பக்கத்து நியூஜெர்சியிலிருந்தும் வந்த மணற்கல். வீடு முழுக்கக் கல்லால் ஆனது என்று நினைத்துவிடாதீர்கள். கட்டுமானம் செங்கல்தான், அதன்மேல் சில அங்குலப் பலகைக் கல் பதித்திருப்பார்கள். கல்லின் அடுக்குகள் படுக்கைவசமாக இல்லாமல் நிமிர்ந்து நிற்கும்படி பல இடங்களில் பதித்துவிட்டார்கள். அந்த இடுக்கில் நீர் இறங்கிப் பனிக்காலத்தில் உறையும்போது, கல் ஏடு ஏடாக உரிகிறது. ஆகவே இன்று நீங்கள் பார்க்கும் முகப்புகளில் பல, நிறம் சேர்த்த சிமென்ட் பூச்சுதான். அது குறையல்ல, எப்படிப் பூசினார்கள் என்பதே கேள்வி. வாசற்படிப் பக்கம் கை எட்டும் இடத்தில் விரல் முட்டியால் தேங்காயைத் தட்டுவதுபோலத் தட்டிப் பாருங்கள். உள்ளே வெற்றிடமாக ஒலித்தால் பூச்சு கல்லை விட்டு விலகிவிட்டது என்று அர்த்தம். சாரம் கட்டிச் சரிசெய்யும் செலவு நாலு வீட்டுக்காரர்கள் தலையில் விழும். முகப்பை ஐந்தாண்டுக்கு ஒருமுறை சோதிக்க வேண்டும் என்ற நகரச் சட்டம் ஆறு மாடிக்கு மேற்பட்ட கட்டடங்களுக்குத்தான். இந்த நாலு மாடி வீட்டை யாரும் வற்புறுத்திச் சோதித்திருக்க மாட்டார்கள்.

2. சமையலறைக் கல் இத்தாலியா இந்தியாவா என்பதைப் பிறகு பார்க்கலாம், முதலில் காகிதம். நம்மூரில் வில்லங்கச் சான்று பார்க்காமல் அட்வான்ஸ் கொடுப்போமா? இங்கே ‘அக்ரிஸ்’ என்ற நகராட்சி இணையதளத்தில், மன்ஹாட்டன் சொத்துகளுக்கு 1966 முதல் பதிவான பத்திரம், அடமானம் எல்லாம் இலவசமாகக் கிடைக்கும். கட்டடத் துறையின் தளத்தில் முகவரியைப் போட்டால் பெர்மிட்டுகளும் விதிமீறல்களும் வரும். மூன்று விஷயங்களைத் தேடுங்கள்.

முதலாவது, வாங்கிய பெர்மிட்டுகள் எல்லாம் முறைப்படி முடித்து வைக்கப்பட்டனவா என்பது. திறந்தபடி நிற்கும் பெர்மிட் வாங்குபவர் தலைவலி. அடுத்தது குடியிருப்புச் சான்று. இரண்டு குடும்பத்துக்கு என்று எழுதியிருக்கும் கட்டடத்தை நாலாகப் பிரித்து விற்றால் அங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள். சான்று தற்காலிகமானது என்றால் அது பெரும்பாலும் 90 நாள் செல்லுபடியாகும். புதுப்பித்துக்கொண்டே போகிறார்கள் என்றால் நிரந்தரச் சான்றைத் தடுக்கும் வேலை எது என்று கேளுங்கள். மூன்றாவது, அறை அறையாக வாடகைக்கு விட்ட கட்டடமா என்பது. ஹார்லெமில் இப்படி இருந்தவை ஏராளம். அத்தகைய வீட்டை மாற்றிக் கட்டுவதற்கு, பழைய குடியிருப்போரைத் தொந்தரவு செய்து வெளியேற்றவில்லை என்று நகர வீட்டுவசதித் துறையிடம் சான்று வாங்க வேண்டும். அந்தச் சான்று இல்லாத வீடு எவ்வளவு மலிவு என்றாலும் வேண்டாம் என்பேன். சட்டச் சிக்கல் ஒரு பக்கம். யாரை விரட்டிவிட்டு அந்த அறை காலியானது என்ற கேள்வி இன்னொரு பக்கம்.

3. தோட்டத் தளமும் அதற்குக் கீழே ஓர் அடித்தளமும் சேர்த்து ‘டூப்ளெக்ஸ்’ என்று விற்பார்கள். உயரத்தில் பாதிக்கு மேல் தெருமட்டத்துக்குக் கீழே இருந்தால் நகர விதிப்படி அது ‘செல்லர்’. அங்கே படுக்கையறை வைக்கக் கூடாது. விளம்பரத்தில் பொழுதுபோக்கு அறை என்று போட்டுவிட்டு, நேரில் கட்டிலைப் போட்டுக் காட்டுவார்கள். அந்தச் சதுர அடிக்கு மேல்தளத்து விலை கொடுக்காதீர்கள். 2021 செப்டம்பர் 1 இரவு, ஐடா புயலின் மிச்சமழை சென்ட்ரல் பார்க்கில் ஒரே மணி நேரத்தில் 3 அங்குலத்துக்கு மேல் கொட்டியது; நகரில் அடித்தள வீடுகளில் பலர் உயிரிழந்தார்கள். அன்று இரவு இந்த அடித்தளத்தில் எவ்வளவு தண்ணீர் நின்றது என்று கேளுங்கள். சாக்கடை நீர் திரும்பி வராமல் தடுக்கும் வால்வு இருக்கிறதா என்று பாருங்கள். தரையோரச் சுவரில் ஓதம் ஏறிய கறை, ஒரு சுவருக்கு மட்டும் அடித்த புதுப் பெயின்ட், சாம்பிராணி வாசம்போலத் தூக்கலான மெழுகுவத்தி மணம் மூன்றையும் சந்தேகப்படலாம்.

4. இந்த வீடுகளில் தளம் கான்கிரீட் அல்ல. இரு பக்கத்துப் பொதுச்சுவர்களுக்கும் இடையே மர உத்தரங்கள், அதன்மேல் பலகை. நூறு வருடத்தில் நடுப்பகுதி, முக்கியமாக மாடிப்படியை ஒட்டி, தொய்வது சகஜம். புதுப் பலகை போட்டுத் தொய்வை மறைத்திருக்கலாம். கதவுகளின் மேல்விளிம்பு நிலையோடு ஒட்டிப் போகிறதா, கோணலாக இருக்கிறதா என்று பார்த்தால் தெரிந்துவிடும். சுவரைத் திறந்து வேலை செய்தபோது எடுத்த புகைப்படங்களைக் கேளுங்கள். ஒழுங்காகச் செய்தவர் பெருமையோடு காட்டுவார். மேல்தளத்தில் ஒருவரைச் செருப்புக் காலோடு நடக்கச் சொல்லி, கழிவறையில் தண்ணீர் திறக்கச் சொல்லி, கீழே நின்று கேளுங்கள். மேல்வீட்டுக் குழந்தை ஓடுவது உங்கள் தலையில் ஓடுவதாகத்தான் கேட்கும்.

5. பூச்சை உரித்துச் செங்கல்லைக் காட்டும் சுவர் போட்டோவுக்கு அழகு. அந்தப் பொதுச்சுவர்களின் மென்மையான செங்கல், பூச்சுக்கு அடியில் இருக்கவே செய்யப்பட்டது. உரித்தால் குளிரும் பக்கத்து வீட்டுச் சத்தமும் வரும். பழைய சுண்ணாம்புக் காரை இருந்த இடத்தில் கெட்டியான சிமென்ட் வைத்து அடைத்திருந்தால், காலப்போக்கில் செங்கல்தான் பொடியும்.

6. பக்கத்து வீடு உங்கள் வீட்டில் பாதி. அது ஆளில்லாமல் பூட்டிக் கிடந்தால், அதன் கூரை ஒழுகும் தண்ணீர் பொதுச்சுவர் வழியாக உங்களிடம்தான் வரும். மொட்டை மாடிக்கு ஏறி இரண்டு பக்கத்துக் கூரையையும் பார்க்காமல் முடிவு செய்யாதீர்கள். காலி மனையாக இருந்தால், நாளை அங்கே அடித்தளம் தோண்டுவார்கள். பக்கச் சுவரில் மனை எல்லையை ஒட்டி ஜன்னல் இருந்தால், பக்கத்தில் கட்டடம் எழும்போது அதை அடைக்க நேரலாம். அந்த ஜன்னலை நம்பி ஓர் அறையைப் படுக்கையறை என்று எண்ணாதீர்கள்.

7. மற்றபடி முன்னும் பின்னும் மட்டுமே வெளிச்சம். நடு அறை பகலிலும் விளக்கு கேட்கும். வாஸ்து பார்ப்பவர்களுக்கு ஒரு செய்தி: மன்ஹாட்டன் தெருக் கட்டமே உண்மையான வடக்கிலிருந்து சுமார் 29 டிகிரி திரும்பியிருக்கிறது. நேர்க்கிழக்கு வாசல் இங்கே கிடைப்பது அபூர்வம்.

8. மாதப் பராமரிப்புக் கட்டணம் மிகக் குறைவு என்றால் சந்தோஷப்பட வேண்டாம். நாலு வீட்டுக் காண்டோவில் ஒருவர் பணம் கட்டாமல் இழுத்தாலே ஆட்டம் கண்டுவிடும். சேமிப்பு நிதியில் எவ்வளவு, காப்பீடு எவ்வளவுக்கு, விற்காத வீடுகள் யார் கையில், கூரை கடைசியாக எப்போது போட்டார்கள் என்பதை எழுத்தில் வாங்குங்கள். சொத்து வரிச் சலுகை இருந்தால் அது முடியும் வருடத்தையும் கேட்டு, சலுகை இல்லாத வரியைப் போட்டு மாதக் கணக்கைப் பாருங்கள்.

9. மவுன்ட் மோரிஸ் பார்க் பகுதி 1971-லேயே பாதுகாக்கப்பட்ட வரலாற்று வட்டாரமாக அறிவிக்கப்பட்டது. இத்தகைய வட்டாரத்தில் முன்பக்க ஜன்னலையோ கதவையோ படியையோ அனுமதியின்றி மாற்றக் கூடாது. முன்னவர் மாற்றியிருந்தால் அந்த விதிமீறல் சொத்தோடு வரும்.

10. குழந்தை இருக்கும் வீடா? ஈயம் கலந்த பெயின்ட்டை நியூயார்க் 1960-இல் தடைசெய்தது. இந்த வீடுகள் அதற்கு வெகு முந்தியவை. ஈயச் சோதனைக்கு 10 நாள் அவகாசம் கேட்கக் கூட்டரசுச் சட்டம் இடம் தருகிறது. பழைய ஜன்னல், படிக் கைப்பிடி, குடிநீர் வரும் குழாய் மூன்றையும் சோதியுங்கள்.

11. ‘மாறிக்கொண்டிருக்கும் பகுதி’ என்று தரகர் சொன்னால், ஹார்லெம் மாறாமல் இருந்ததே இல்லை என்பதை நினைவில் வையுங்கள். வசதியான வெள்ளையருக்காகக் கட்டினார்கள். 1904-05 வாக்கில் தேவைக்கு மேல் கட்டிச் சந்தை சரிந்தது. கறுப்பினக் குடும்பங்கள் வந்து அதை உலகறிந்த ஊராக்கின. 1970-களில் வரி கட்டாத கட்டடங்கள் நகராட்சி கைக்குப் போயின. புதுக் காப்பிக் கடைகளை எண்ணுவதால் பகுதி புரியாது. சனி இரவு, ஞாயிறு காலை தேவாலயம் கூடும் வேளை, கோடை மாலை என்று போய், படியில் உட்கார்ந்திருக்கும் பெரியவர்களிடம் வணக்கம் சொல்லிப் பேசுங்கள். மார்கஸ் கார்வி பூங்காவில் 1969 முதல் மேளம் வாசித்துவந்த குழுவுக்கும் அருகே புதிதாகக் குடிவந்தவர்களுக்கும் 2008 வாக்கில் பெரிய சச்சரவு வந்தது. சத்தம் முன்பே இருந்தது, வீடு வாங்கியவர்கள்தான் கேட்காமல் வந்தார்கள். மேளம் பிடிக்காவிட்டால் வேறு தெரு பாருங்கள்.

12. ஹார்லெமுக்கு வரப்போகும் ரயிலுக்கு இன்றே காசு கொடுக்காதீர்கள். இரண்டாவது அவென்யூ சுரங்க ரயில் பற்றிய பேச்சு 1920-களில் தொடங்கியது. முதல் கட்டம் ஓடத் தொடங்கியது 2017 ஜனவரி 1-இல், அதுவும் 96-ஆம் தெரு வரைதான்.

13. பேரம் 10 லட்சம் டாலருக்கு அருகில் வந்தால் கவனம். 10 லட்சத்தைத் தொட்டதும் ‘மேன்ஷன் டாக்ஸ்’ என்று 1 சதவீதம், அதாவது 10,000 டாலர், வாங்குபவர் கட்ட வேண்டும். 9,99,000-க்கு முடித்தால் அது இல்லை.