வெள்ளை ஓக் பலகை வாங்கியிருக்கும் தம்பிக்கு

அன்புள்ள தம்பிக்கு,

உன் பட்டறையில் அமெரிக்க வெள்ளை ஓக் பலகைகள் வந்து இறங்கியிருப்பதாக எழுதியிருந்தாய். தேக்கில் பழகிய கை உன்னுடையது. இந்த மரத்தின் குணம் வேறு. அளவுகோலை எடுக்கும் முன் பலகையின் முனையைக் கூரான உளியால் சீவிவிட்டு, லென்ஸ் வைத்துப் பார்.

ஆண்டு வளையங்களை ஒட்டிச் சிறு துளைகள் தெரியும். மரம் நிற்கையில் நீர் ஏறிய குழாய்கள் அவை. வெளிறு (பட்டையை ஒட்டிய வெளிமரம்) வைரமாக (உள்மரமாக) மாறும்போது பக்கத்துச் செல்கள் அந்தக் குழாய்களுக்குள் புடைத்து வளர்ந்து அவற்றை அடைத்துவிடும். சிவப்பு ஓக்கில் பெரும்பாலும் அப்படி அடைபடாது. அதன் துண்டை நீரில் ஒரு முனை மூழ்கப் பிடித்து மறுமுனையில் ஊதினால் குமிழி கிளம்பும். விற்றவர் சொன்னதில் சந்தேகம் வந்தால் முதலில் ஊதிப் பார்.

வெள்ளை ஓக் பீப்பாயில் ஆண்டுக்கணக்கில் விஸ்கி கசியாமல் கிடப்பது இந்த அடைப்பினால்தான். பாஸ்டனில் 1797இல் கடலில் இறங்கிய ‘கான்ஸ்டிடியூஷன்’ போர்க்கப்பலின் பக்கப் பலகைகளும் இதே மரம். அந்தக் கப்பலைப் பழுதுபார்ப்பதற்கென்றே இந்தியானா மாநிலத்தில் கிரேன் கடற்படைத் தளத்துக் காட்டில் வெள்ளை ஓக் மரங்களை இன்றும் காத்து வருகிறார்கள். ஆனால் அந்த உறுதி வைரத்துக்கு மட்டுமே உண்டு. மழை படும் வேலை என்றால் வெளிறை அறுத்துத் தள்ளிவிடு, மனம் கூசாதே.

அறுப்பு வாக்கையும் கவனி. நடுத்தண்டிலிருந்து பட்டை நோக்கி ஓடும் கதிர்களின் வாக்கிலேயே அறுத்த பலகையில் வெள்ளிச் செதில்போல் ரேகைகள் மின்னும். அமெரிக்க மரச்சாமான் வடிவமைப்பாளர் குஸ்டாவ் ஸ்டிக்லியின் மேசை நாற்காலிகளுக்கு அழகு அந்த ரேகைதான், செதுக்கு வேலை அல்ல. பச்சை மரம் முழுக்கக் காயும்போது வளைய வாக்கில் ஏறக்குறைய 10.5 சதவீதமும், கதிர் வாக்கில் 5.6 சதவீதமும் சுருங்கும். ஆகவே கதிர் வாக்கில் அறுத்த பலகை குறைவாகவே அசையும். விலை கூடுதல்தான், மேசையின் மேற்பலகைக்கு அந்தக் காசைக் கொடு.

அமெரிக்காவில் பலகையைச் சூளையில் 6 முதல் 8 சதவீத ஈரம்வரை உலர்த்தி அனுப்புகிறார்கள். நம் கடலோரக் காற்றில் அது ஈரம் குடித்து உப்பும். இடையே குச்சி வைத்து அடுக்கி, சில வாரம் பட்டறையிலேயே இருக்க விடு. கதவுச் சட்டத்தின் பள்ளத்தில் நடுப்பலகையைப் பசை போட்டு ஒட்டாதே, அசைய இடம் கொடு.

இன்னொன்று, இரும்பு. இந்த மரத்தில் டானின் மிகுதி. ஈரத்தோடு இரும்பு பட்டால் கருநீலக் கறை ஏறிவிடும். பசை காயும்வரை இரும்புக் கிளாம்புக்கு அடியில் காகிதம் வை. திருகாணி பித்தளையாகவோ துருப்பிடிக்காத எஃகாகவோ இருக்கட்டும். இரும்புக் கம்பளியால் தேய்க்கவே வேண்டாம். அதே டானின் அம்மோனியா ஆவி பட்டால் ஆழ்ந்த பழுப்பாகும். ஸ்டிக்லியின் பட்டறை அப்படித்தான் நிறம் ஏற்றியது. அந்த ஆவி கண்ணையும் நுரையீரலையும் கெடுக்கும். தகுந்த முகமூடியும் காற்றோட்டமும் இல்லாமல் அதில் இறங்காதே.

முதல் வேலையாகப் பெரிய மேசை வேண்டாம். ஒரு முக்காலி செய்து, ஒரு மழைக்காலம் கழித்து அதன் மூட்டுகளைப் பார்த்துவிட்டு எனக்கு எழுது.

அன்புடன்,
அண்ணன்