ஜப்பான் பிசினஸ் ஹோட்டல்: அறை சின்னதுதான், நீ பெட்டியைக் குறை!

டிக்கெட் போட்டாச்சு, விசா வந்தாச்சு, "ஹோட்டலும் மலிவா கிடைச்சுடுச்சுக்கா"ன்னு நீ போட்டோ காட்டினப்பதான் எனக்குப் பகீர்னுச்சு. கதவுக்கு முதுகைக் கொடுத்து நின்னு எடுத்த போட்டோ அது. அதுக்கு மேல பின்னாடி போக இடம் கிடையாது!

பயப்படாதே. சுத்தம், பாதுகாப்பு, வெந்நீர் எதுலயும் குறை இருக்காது. டொயோகோ இன், அபா, சூப்பர் ஹோட்டல், டோர்மி இன், ரூட் இன்னு ஊருக்கு ஊர் இருக்கிற இந்த வகைக்கு அங்கே 'பிசினஸ் ஹோட்டல்'னு பேர். யாருக்காகக் கட்டினாங்கன்னு புரிஞ்சா பாதிப் பிரச்னை தீர்ந்துடும். வெளியூர் வேலையா வர்ற கம்பெனிக்காரருக்காக. கையில ஒரு பை, உடம்புல ஒரு கோட்டு, ஒரு ராத்திரித் தூக்கம், விடிஞ்சதும் ரயில். அவருக்கு எது தேவையோ அது மட்டும்தான் அறைக்குள்ளே. மிச்சமெல்லாம் வராண்டாவிலும் கீழ்த்தளத்திலும் இருக்கும். நீ ரெண்டு பெரிய பெட்டி, புருஷன், பிள்ளை, தொக்கு பாட்டிலோட போய் இறங்கிட்டு, "இவ்ளோதானா?"ன்னு முழிச்சா யார் தப்பு?

புக் பண்றதுக்கு முன்னாடி

1. நட்சத்திரத்தைப் பார்க்காதே, சதுர மீட்டரைப் பாரு. ஒருத்தர் அறை பெரும்பாலும் 11-லேர்ந்து 15 சதுர மீட்டர். 11-ன்னா சுமார் 120 சதுர அடி. கட்டில், மேஜை, பாத்ரூம் எல்லாம் அதுக்குள்ளேயே. ரெண்டு பெட்டியை ஒரே நேரத்துல திறந்து வைக்க முடியாது.

2. 'செமி டபுள்'னு பார்த்ததும் 'டபுள்'னு நினைச்சு ஏமாறாதே. 120 செ.மீ. அகலக் கட்டிலும் அந்தப் பேர்ல வரும். அதாவது நாலடி. புதுசாக் கல்யாணம் ஆனவங்க சமாளிப்பாங்க. பத்து வருஷம் ஆனவங்க 'ட்வின்' எடுத்துக்கோங்க, ரெண்டு தனிக் கட்டில் இருக்கும்.

3. தலைக் கணக்கை மறைக்காதே. ஒரே அறைக்கு ஒருத்தர்னா ஒரு விலை, ரெண்டு பேர்னா வேற விலை. ஒருத்தர் பேர்ல போட்டுட்டு "கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்க" எல்லாம் அங்கே செல்லாது. சின்னப் பிள்ளை பெத்தவங்க கட்டில்லயே படுத்தா பல இடங்கள்ல காசு வாங்க மாட்டாங்க. ஆனா புக் பண்ணும்போதே சொல்லிடு.

4. 'கின்-என்' அறைதானான்னு பாரு. புகைபிடிக்கக் கூடாத அறைன்னு அர்த்தம். 'கிட்சு-என்'னா சிகரெட் அறை. நூறு, இருநூறு யென் குறையுதேன்னு அதை எடுத்தா, திரைச்சீலையில ஊறின வாசனை உன் புடவையோட ஊர் வந்து சேரும்.

5. ஸ்டேஷன்லேர்ந்து அஞ்சு நிமிஷ நடை. எந்த வாசல்னும் குறிச்சுக்கோ. டோக்கியோவில ஷின்ஜுகு ஸ்டேஷனுக்கு மட்டும் 200-க்கும் மேல வாசல். தப்பான பக்கம் ஏறினா அரை மணி நேரம் பெட்டியை உருட்டணும். முதல் தடவை போறவங்களுக்கு நான் சொல்றது உவேனோ பக்கம். நரிட்டா விமான நிலையத்துலேர்ந்து ஸ்கைலைனர் ரயில் நேரா அங்கே வந்து நிக்கும்.

6. சனிக்கிழமை ராத்திரியைத் தவிர்க்கப் பாரு. அதே அறை ஞாயித்துக்கிழமை நல்லாவே இறங்கும். ஏப்ரல் கடைசி, மே முதல் வாரம் வர்ற 'கோல்டன் வீக்' லீவு, ஆகஸ்ட் நடுவுல வர்ற 'ஓபோன்' பண்டிகை, செர்ரி பூக்கிற சமயம், இந்த மூணுலயும் கடைசி நேரத்துல தேடாதே.

பெட்டி கட்டும்போது

7. அடாப்டர் ரெண்டு வாங்கிக்கோ. அங்கே ரெண்டு தட்டைக் காலு பிளக், 100 வோல்ட். நம்ம உருண்டைக் காலு நுழையாது. சார்ஜர்ல '100–240' போட்டிருக்கான்னு பாரு, இருந்தா அடாப்டரே போதும். வீட்டு கெட்டில், குட்டி ரைஸ் குக்கரைத் தூக்கிட்டுப் போகாதே. 230 வோல்ட் சாமான் அங்கே சோம்பல் முறிச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்கும், சூடேறாது.

8. துண்டு, சோப்பு, ஷாம்பு, ஹேர் டிரையர், நைட்டி, எதுவும் வேண்டாம். எல்லாம் அங்கே இருக்கும். அந்த இடத்துல பருப்புப் பொடி, புளிக்காய்ச்சல் வச்சுக்கோ. கறிவேப்பிலை, மாம்பழம் மட்டும் கூடாது. சான்றிதழ் இல்லாத செடி, பழம் எல்லாத்தையும் விமான நிலையத்துலயே எடுத்துடுவாங்க.

9. ஊர் மாறும்போது பெட்டியைத் தனியா அனுப்பு. இதுதான் என் பெரிய ஷார்ட்கட். 'தக்யூபின்'னு கேளு. 1976-ல யமாட்டோ கம்பெனி ஆரம்பிச்ச பார்சல் சர்வீஸ், குட்டியைக் கவ்வின கறுப்புப் பூனை அதோட அடையாளம். டோக்கியோ ஹோட்டல் ரிசப்ஷன்ல கொடுத்தா, பெரும்பாலும் மறுநாள் கியோட்டோ ஹோட்டல்ல நிக்கும். ஒரு ராத்திரிக்கு வேண்டியதைத் தோள் பையில எடுத்துக்கோ. நீளம், அகலம், உயரம் கூட்டி 160 செ.மீ. தாண்டின பெட்டிக்கு டோக்கியோ–கியோட்டோ புல்லட் ரயில்ல தனி இட முன்பதிவு வேணும்கிற தலைவலியும் இல்லே.

போய் இறங்கினதும்

10. காலையிலேயே போய் அறை கேட்டு நிக்காதே. செக்-இன் மூணு, இல்லேன்னா நாலு மணிக்குத்தான். கெஞ்சினாலும் சிரிச்சுக்கிட்டே தலை குனிவாங்க, சாவி வராது. பெட்டியைக் கொடுத்துட்டு ஊர் சுத்தப் போ. வாங்கி வச்சுக்க பெரும்பாலும் காசு கேட்க மாட்டாங்க.

11. எல்லார் பாஸ்போர்ட்டும் கைக்கு எட்டுற இடத்துல இருக்கட்டும். வெளிநாட்டுப் பயணின்னா நகல் எடுத்துப்பாங்க, அது அங்கே நடைமுறை. இன்னொண்ணு, ஜப்பான்ல தரைத்தளம்தான் 'ஒண்ணு'. லிஃப்ட்ல 'ஜீரோ'வைத் தேடிக்கிட்டு நிக்காதே.

12. லிஃப்ட் ஏறும் முன்னாடி லாபி அலமாரியைப் பாரு. பிரஷ், சீப்பு, ரேசர், காது குடையற பஞ்சு, டீத்தூள் பை எல்லாம் அங்கே அடுக்கியிருக்கும். 2022-ல பிளாஸ்டிக் குறைக்கிற சட்டம் வந்ததுக்கு அப்புறம் அறையில வைக்கிறது ரொம்பவே குறைஞ்சுபோச்சு. வேண்டியதை மட்டும் எடு. கை நிறைய அள்ளினா பக்கத்துல நிக்கிற நான்தான் தலை குனியணும்.

அறைக்குள்ளே

13. பெட்டி கட்டிலுக்கு அடியில. பல ஹோட்டல்கள்ல கட்டிலை உயரமா வச்சிருக்கிறதே அதுக்குத்தான். அயர்ன் பாக்ஸ் வராண்டாவிலேயோ ரிசப்ஷன்லேயோ கிடைக்கும், மைக்ரோவேவ் கீழே இருக்கும். படுக்குறதுக்கு முன்னாடி ரெண்டு விஷயம் பாரு: கதவுக்குப் பின்னாடி ஒட்டின தப்பிக்கும் வழி, கட்டில் பக்கத்துல மாட்டின டார்ச். நிலநடுக்கம் சொல்லிட்டு வராது.

14. பாத்ரூம் கதவைச் சாத்திட்டுக் குளி. தரை, சுவர், தொட்டி எல்லாம் ஒரே பிளாஸ்டிக் டப்பா மாதிரி இருக்கும். 1964 டோக்கியோ ஒலிம்பிக் சமயத்துல நியூ ஒட்டானி ஹோட்டலைச் சீக்கிரம் கட்டி முடிக்க டோட்டோ கம்பெனி செஞ்ச ஏற்பாட்டுலேர்ந்து பரவினது இது. ஒரே குழாய்தான் முகம் கழுவுற தொட்டிக்கும் குளியல் தொட்டிக்கும். கழுத்தைத் திருப்பிக்கணும். ஷவர் திரையைத் தொட்டிக்கு உள்ளே விடு. நான் முதல் தடவை மூச்சு முட்டுதேன்னு கதவைத் திறந்து வச்சுக் குளிச்சேன். ஆவி போய் அறையில இருந்த புகை அலாரம் அலறுச்சு. தலை நிறைய ஷாம்பு நுரையோட, வாசல்ல நிக்கிற ஊழியர்கிட்ட கையெடுத்துக் கும்பிட்டது நான்தான். ஃபேனைப் போடு, கதவைச் சாத்து.

15. டாய்லெட் பட்டனைப் பார்த்து மிரளாதே. தண்ணி வேணும்கிற நமக்கு அது சொர்க்கம். உட்கார்ந்த அப்புறம்தான் அமுக்கணும். நின்னுக்கிட்டே "இது என்ன?"ன்னு தட்டிப் பார்த்தா சில மாடல்ல முகத்துல அடிக்கும். முதல்ல சதுரம் போட்ட 'நிறுத்து' பட்டனைக் கண்டுபிடி. ஃப்ளஷ் பிடியில ரெண்டு எழுத்து இருக்கும். கை, காலை விரிச்சு நிக்கிற ஆள் மாதிரி இருந்தா நிறையத் தண்ணி. நடுவுல ஒரு கோடு, ரெண்டு பக்கமும் சொட்டு மாதிரி இருந்தா கொஞ்சம். பேப்பரை உள்ளேயே போடு, குப்பைக் கூடையில போடாதே.

16. பொதுக் குளியல் இருந்தா விடாதே. நாள் முழுக்க நடந்த காலுக்கு அதுதான் மருந்து. உட்கார்ந்து சோப்புப் போட்டு நல்லாக் குளிச்சுட்டுத்தான் தொட்டியில இறங்கணும். துணி எதுவும் கூடாது, துண்டு தண்ணியைத் தொடக் கூடாது, முடியைத் தூக்கிக் கட்டு. கூச்சமா? ராத்திரி பன்னெண்டு மணிக்குப் போ, ஆள் குறைவா இருக்கும். யுகாதாங்கிற பருத்தி அங்கி கொடுத்தா இடது பக்கத் துணி மேல வரணும். மாத்திக் கட்டுறது அங்கே இறந்தவங்களுக்கு.

துணியும் சாப்பாடும்

17. நூறு யென் நாணயத்தைச் சேர்த்து வை. துவைக்கிற மெஷின் பல இடங்கள்ல காசு போட்டாத்தான் ஓடும். டிரையர் நூறு நூறா விழுங்கும். ராத்திரி ஒன்பது மணிக்குக் கூட்டம் இருக்கும், சாயங்காலமே போட்டுடு. முடிஞ்சதும் எடுத்துடு, அடுத்த ஆள் வெளியே காத்துக்கிட்டிருப்பார்.

18. காலை உணவுக்கு ஆறரைக்கே இறங்கு. ஏழரைக்குக் கோட்டுக்காரர்கள் வரிசை நிக்கும். சைவக்காரங்க கவனி: மிசோ சூப்புல மீன் சாறு இருக்கும். உருளைக்கிழங்கு சாலட்ல ஹாம் ஒளிஞ்சிருக்கும். நாட்டோங்கிற சோயா பீன்ஸ் சைவம்தான், அதோட வர்ற குட்டி சாஸ் பாக்கெட்ல மீன் இருக்கும். சூடான சாதம் நிறையக் கிடைக்கும், உன் பருப்புப் பொடிக்கு அதான் இடம். குழாய்த் தண்ணியைத் தாராளமாக் குடி, பாட்டில் வாங்காதே.

கிளம்பும்போது

19. பத்து மணின்னா பத்து மணி. சில இடங்கள்ல பதினொண்ணு. தாண்டினா கூடுதல் காசு. ஒன்பதே முக்காலுக்கு லிஃப்ட் ஒவ்வொரு மாடியிலயும் நிக்கும், அதனால ஒன்பதரைக்கே இறங்கிடு. தலையணைக்கு அடியில டிப்ஸ் வைக்காதே. மறந்துட்டுப் போயிட்டாங்கன்னு நினைச்சு எடுத்து வைப்பாங்க.

20. கடைசியாக் கதவைச் சாத்தும் முன்னாடி மேஜைக்குப் பின்னாடி குனிஞ்சு பாரு. அந்தக் கம்பெனிக்காரருக்கு அடாப்டர் தேவையில்லே, அதனால மறக்கிற கவலையும் இல்லே. உனக்கு இருக்கு. ஏழாவது பாயிண்ட்ல ரெண்டு வாங்கச் சொன்னேனே, ஏன்னு கேட்டியா? இதுவரைக்கும் நான் மூணு விட்டுட்டு வந்திருக்கேன்.