சின்னம்மாவின் தூக்கம்

போன மாதம் சமய வகுப்பு முடிந்து எங்கள் குழு சின்னம்மாவைப் பார்க்கப் போனபோது இரவு மணி 9.30. அவருக்கு மார்பகப் புற்றுநோய். நான்காவது கீமோ முடிந்து மூன்று நாள்தான் ஆகியிருந்தது. கூட்டுப் பிரார்த்தனை செய்தோம், பேசினோம், மைலோ குடித்தோம். கிளம்பும்போது மணி 11.15. மறுநாள் சித்தப்பா அம்மாவிடம், "ராத்திரி முழுக்க அவ கண்ண மூடவே இல்ல" என்றார். எனக்குச் சுருக்கென்றது.

அதற்குப் பிறகுதான் தேடிப் படித்தேன். ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தின் டேவிட் ஸ்பீகல் உள்ளிட்டோர் 2014இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். முற்றிய மார்பகப் புற்றுநோய் உள்ள 97 பெண்களின் மணிக்கட்டில் கடிகாரம் போன்ற ஒரு கருவியைக் கட்டினார்கள். கை அசைவை வைத்து தூக்கமா விழிப்பா என்று அது கணக்கிடும். (நம் ஸ்மார்ட் வாட்ச் செய்வதும் கிட்டத்தட்ட இதுதான்.) படுக்கையில் 8 மணி நேரம் இருந்து 6 மணி நேரம் தூங்கினால், தூக்கத் திறன் 75 விழுக்காடு. எஞ்சினியரிங் படிக்கும் எனக்கு இந்த 'திறன்' உடனே புரிந்தது: உள்ளே போனதில் எவ்வளவு பயனானது என்ற அதே கணக்கு.

தூக்கத் திறன் 10 விழுக்காடு கூடும்போது இறப்பு அபாயம் 32 விழுக்காடு குறைவாக இருந்தது. மொத்தம் எத்தனை மணி நேரம் தூங்கினார்கள் என்பதற்கும் ஆயுளுக்கும் தொடர்பு தெரியவில்லை. இடையிடையே விழிக்காமல் தூங்குவதுதான் கணக்கில் வந்தது.

உடனே "நல்லா தூங்குனா கேன்சர் போயிடும்" என்று வாட்ஸ்அப்பில் தட்டிவிடாதீர்கள். இது தொடர்பு மட்டுமே, காரணம் என்று நிரூபணம் ஆகவில்லை. நோய் முற்றினாலும், வலி கூடினாலும் தூக்கம் கெடும்தானே? ஆய்வாளர்கள் அதையெல்லாம் முடிந்தவரை கழித்துத்தான் பார்த்தார்கள். ஆனாலும் சந்தேகம் முழுதாகத் தீராது. ஒன்று மட்டும் தெளிவு: தூக்கம் குறைந்தால், புற்றணுக்களைத் தாக்கும் இயற்கைக் கொல்லி அணுக்களின் வேகம் குறைவதை வேறு ஆய்வுகள் காட்டியுள்ளன.

கீமோவோடு வாந்தியைத் தடுக்கக் கொடுக்கும் டெக்ஸாமெதசோன் என்ற ஸ்டீராய்டும் தூக்கத்தை விரட்டும். சின்னம்மா அதை இரவில் போட்டுக்கொண்டிருந்தார். நாமாக நிறுத்தவோ மாற்றவோ கூடாது. மருத்துவரிடம் கேட்டோம், காலைக்கு மாற்றிக் கொடுத்தார்.

கீதை ஆறாம் அத்தியாயத்தில் தூக்கத்தின் அளவு பற்றி வருவதை வகுப்பில் நானே விளக்கியிருக்கிறேன். அன்றிரவு அது ஞாபகத்துக்கு வரவில்லை!

இந்த ஞாயிறு மாலை 5 மணிக்குப் போகிறோம். 5.45க்குக் கிளம்பிவிடுவோம். மைலோ வேண்டாம் என்று சித்தப்பாவிடம் முன்கூட்டியே சொல்லியாச்சு.