ஈ.ஆர்.பி. வெற்றி பெற என்ன வேண்டும்?

கொள்முதல், இருப்பு, உற்பத்தி, விற்பனை, கணக்கு என எல்லாப் பிரிவுகளையும் ஒரே டேட்டாபேஸில் இணைக்கும் சாப்ட்வேர்தான் ஈ.ஆர்.பி. நல்ல சாப்ட்வேரை வாங்கிவிட்டால் போதுமா? அமெரிக்காவின் ஹெர்ஷி சாக்லேட் நிறுவனத்தைப் பாருங்கள்.

4 ஆண்டு வேலையை 30 மாதங்களாகச் சுருக்கினார்கள். 1999 ஜூலையில், அக்டோபர் மாத ஹாலோவீன் பண்டிகைக்கான ஆர்டர்கள் குவியும் நேரத்தில், எஸ்.ஏ.பி. உட்பட 3 சாப்ட்வேர்களை ஒரே சமயத்தில் இயக்கினார்கள். குடோனில் சாக்லேட் இருந்தது. ஆனால் சுமார் 10 கோடி டாலர் ஆர்டர்களை அனுப்ப முடியவில்லை. 2002-ல் எஸ்.ஏ.பி.யின் புதிய பதிப்புக்கு மாறியபோது நன்கு சோதித்த பிறகே தொடங்கினார்கள். வேலை சுலபமாக முடிந்தது.

உங்கள் கடைக்கு பில்லிங் சாப்ட்வேர் போடுகிறீர்களா? சரக்குப் பட்டியலைச் சரிபார்த்து, ஊழியர்களைப் பழக்கி, வியாபாரம் மந்தமான மாதத்தில் தொடங்குங்கள். தீபாவளிக்கு முந்தைய வாரம் வேண்டவே வேண்டாம்!