எண் வந்த வவுச்சரையே கேளுங்கள்

ஆடிட்டுக்குப் போன இடத்தில் பாக்ஸ் ஃபைலைப் பிரித்து, கை போன பக்கத்தில் நாலைந்து வவுச்சர்களை எடுத்துவிட்டு, ‘ரேண்டமாகப் பார்த்தேன்’ என்று எழுதும் ஆர்ட்டிகிள் மாணவர்கள் நிறையப் பேர். அது ரேண்டம் இல்லை. கை ஃபைலின் நடுப்பகுதிக்குத்தான் போகும். சிக்கலாகத் தெரிவதைத் தாண்டிவிடும். தணிக்கையில் சாம்பிள் எடுப்பதற்கான எஸ்.ஏ. 530 தரநிலையும் இதைப் புள்ளியியல் சாம்பிளாக ஏற்பதில்லை. மார்ச் மாதக் கட்டை மொத்தமாக எடுத்துப் பார்ப்பதும் இதே கதைதான். மார்ச்சைப் பற்றித் தெரியும், மற்ற 11 மாதங்களைப் பற்றி எதுவும் சொல்ல முடியாது.

கட்டுப்பாட்டுச் சோதனையில் நாம் கேட்கும் கேள்வி ஒன்றே ஒன்று: விதித்த நடைமுறை நடந்ததா, இல்லையா? கொள்முதல் என்றால் பர்ச்சேஸ் ஆர்டர், கேட் என்ட்ரி, ஸ்டோர்ஸ் ரசீது, பில், ஒப்புதல் கையெழுத்து எல்லாம் பணம் போவதற்கு முன்பே இருந்தனவா என்று பார்க்கிறோம். தொகை பெரிதா சிறிதா என்பது இங்கே பேச்சில்லை. 800 ரூபாய் பில்லுக்கும் 8 லட்ச ரூபாய் பில்லுக்கும் தேர்வாக ஒரே வாய்ப்பு இருக்க வேண்டும்.

அதற்கு வவுச்சர்களை ரேண்டம் எண்கள்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். அந்த எண்களை எடுப்பதற்கு முன் பட்டியல் முழுசா என்று பாருங்கள். டாலியிலிருந்து இறக்கிய பட்டியலின் கூட்டுத்தொகை லெட்ஜரோடு ஒத்துப்போகிறதா, வவுச்சர் எண்களில் இடைவெளி இருக்கிறதா என்று சரிபாருங்கள். சரக்கு வராமலே பணம் போனதா என்று அறிய, பணம் கொடுத்த பட்டியலிலிருந்து தொடங்க வேண்டும். வந்த சரக்கு கணக்கில் ஏறாமல் போனதா என்று அறிய, கேட் ரெஜிஸ்டரிலிருந்து தொடங்க வேண்டும். இதை மாற்றிச் செய்தால், சாம்பிள் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் பயனில்லை.

எக்ஸெலில் ரேண்ட் சூத்திரம் ஒவ்வொரு கணக்கீட்டிலும் புது எண்ணைத் தரும். முதலில் வந்த எண்களை உடனே வேல்யூவாக ஒட்டிச் சேமியுங்கள். இல்லையென்றால், வசதியான பட்டியல் வரும்வரை எஃப்9 தட்டினீர்களா என்று யாராவது கேட்டால் பதில் இருக்காது.

எத்தனை எடுப்பது? தரநிலையில் எண் எதுவும் கிடையாது, கணக்குதான் வழி. 60 வவுச்சர்களில் ஒரு விலகலும், அதாவது நடைமுறை தவறிய ஒரு வவுச்சரும், இல்லையென்றால், மொத்தத்தில் விலகல் 5 சதவீதத்துக்குள் இருக்கிறது என்று 95 சதவீத நம்பிக்கையோடு சொல்லலாம். அதே 60-இல் ஒன்று தவறினால் அந்த மேல்வரம்பு ஏறத்தாழ 8 சதவீதத்துக்குப் போய்விடும். 25 மட்டும் எடுத்து எல்லாம் சரியாக இருந்தாலும் 11 சதவீதத்துக்கு மேல். மொத்தம் 5,000 வவுச்சரா 50,000 வவுச்சரா என்பதால் இந்தக் கணக்கு பெரிதாக மாறுவதில்லை. பலர் நம்ப மறுக்கும் விஷயம் இது.

இத்தனையும் செய்த பிறகு, வேலை கெடுவது பெரும்பாலும் கிடைக்காத வவுச்சரில்தான். ஒரு நூற்பாலையில் பட்டியலில் வந்த ஒரு வவுச்சர் மட்டும் மேசைக்கு வரவில்லை. “அது பழைய ரூம்ல இருக்கும் சார். வேற நம்பர் சொல்லுங்க, இப்பவே எடுத்துத் தர்றேன்” என்றார் அக்கவுண்டண்ட். மறைக்கும் எண்ணம் அவருக்கு இருந்ததாக நான் நினைக்கவில்லை. “இதே நம்பர்தான் வேணும் சார், மெதுவா தேடுங்க” என்றேன். சாயங்காலம் வந்தது. பேரிங் வாங்கிய பில். பணம் போனது 6-ஆம் தேதி. ஸ்டோர்ஸ் ரசீதில் இருந்த தேதி 11. ஸ்டோர்ஸ் பொறுப்பாளர் லீவில் இருந்த வாரம் அது. பணத்தை அனுப்பிவிட்டு, அவர் திரும்பியதும் ரசீது போட்டிருக்கிறார்கள். அவர் லீவு எடுத்த மற்ற நாட்களையும் பார்த்தோம். அங்கும் இப்படியே நடந்திருந்தது. ஆள் இல்லாதபோது அந்தக் கட்டுப்பாடே இல்லை.

இப்படித் தேடிப்போய்ப் பார்த்தவற்றை ரேண்டம் சாம்பிளோடு சேர்த்துச் சதவீதம் போடக் கூடாது. அவை தனி வேலை. அறிக்கையிலும் தனியாக வர வேண்டும்.

வவுச்சர் கடைசிவரை கிடைக்கவில்லை, வேறு வழியிலும் சரிபார்க்க முடியவில்லை என்றால் அது விலகல்தான், எஸ்.ஏ. 530 இதைத் தெளிவாகவே சொல்கிறது. முறையாக ரத்து செய்யப்பட்ட வவுச்சர் வந்தால்தான் மாற்று எண் எடுக்கலாம். அதற்கென்று முதலிலேயே சில எண்களைக் கூடுதலாக எடுத்து, வந்த வரிசை மாறாமல் வைத்துக்கொள்ளுங்கள்.

மாணவர்களை அனுப்பும் சீனியர்களிடம் ஒரு வேண்டுகோள். கிடைக்காத ஒரு வவுச்சருக்காக அவர்கள் அரை நாள் காத்திருக்க வேண்டியிருந்தால், அந்த அரை நாளைக் கொடுங்கள். அடுத்த எண்ணுக்குப் போகச் சொல்லாதீர்கள்.