ஆச்சியின் கை

வள்ளிக்கு ஏழாம் மாதம். மும்பை தாராவியில் குடியிருக்கிறாள். பகல் முழுவதும் தையல் மெஷின் முன்னால் உட்கார்ந்து வேலை. மாலையானால் இடுப்பு கடுக்கும். கால் கனக்கும்.

மாமியார் பக்கத்துச் சந்து ஆச்சியை அழைத்து வந்தார். ஆச்சி திருநெல்வேலிப் பக்கத்தவர். கை கால் பிடித்து விடுவதில் கெட்டிக்காரர்.

வள்ளி மல்லாந்து படுத்தாள்.

"இடது பக்கம் ஒருக்களித்துப் படு தாயி" என்றார் ஆச்சி.

மல்லாந்து படுத்தால் வயிற்றின் கனம் பெரிய இரத்தக் குழாயை அழுத்தும். தலை சுற்றும். குழந்தைக்குப் போகும் இரத்தமும் குறையும். முழங்கால்களுக்கு இடையே பழைய புடவையை மடித்து வைத்தார் ஆச்சி. தேங்காய் எண்ணெயை வெதுவெதுப்பாக்கினார். சூட்டைத் தன் கையில் விட்டுப் பார்த்தார். உள்ளங்கையால் தோளையும் இடுப்பையும் மெதுவாக நீவினார். முதுகுத்தண்டின் மேல் அழுத்தவில்லை. வள்ளிக்குக் கண் சொக்கியது.

"வயிற்றையும் உருவி விடுங்க பெரியம்மா. பிள்ளை தலை திரும்பட்டும்" என்றார் மாமியார்.

"வேண்டாம்மா. வயிற்றை அழுத்தினால் நஞ்சுக்கொடி பிரிந்து இரத்தம் போகலாம். பிள்ளை திரும்பாவிட்டால் டாக்டர் பார்த்துக்கொள்வார்."

பிறகு காலுக்கு வந்தார். கை நின்றது. இடது கால் மட்டும் வீங்கியிருந்தது. கெண்டைக்கால் சிவந்து, தொட்டால் சுட்டது.

"ரெண்டு நாளா வலி, ஆச்சி. அங்கேதான் நல்லா அழுத்திப் பிடிக்கணும்" என்றாள் வள்ளி.

ஆச்சி எண்ணெய்க் கையைத் துடைத்துக்கொண்டார். "இதைப் பிடிக்கக் கூடாது தாயி. இப்பவே ஆஸ்பத்திரிக்குப் போகணும்."

கர்ப்பிணிகளுக்கு மாலையில் இரு கால்களும் சற்று வீங்குவது உண்டு. காலை உயர்த்தி வைத்தால் வடியும். ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தால், உள்ளே இரத்தம் உறைந்து கட்டியிருக்கலாம். அழுத்திப் பிடித்தால் அந்தக் கட்டி நகர்ந்து நுரையீரலை அடைக்கலாம். உயிரே போகலாம். நெடுநேரம் உட்கார்ந்தே வேலை செய்பவர்கள் அடிக்கடி எழுந்து நடக்க வேண்டும். முகமும் கையும் வீங்கினால், தலைவலியும் கண் மங்கலும் வந்தால், அது இரத்தக் கொதிப்பாக இருக்கலாம். அதற்கும் எண்ணெய் மருந்தல்ல. அன்றே டாக்டரைப் பார்க்க வேண்டும்.

அரசு மருத்துவமனையில் வள்ளியின் காலை ஸ்கேன் செய்தார்கள். கட்டி இருந்தது. இரத்தம் உறையாமல் இருக்க ஊசி போட்டார்கள்.

"பிள்ளைக்கு ஒன்றும் ஆகாதே?" என்று மாமியார் கேட்டார்.

"இந்த மருந்து பிள்ளைக்குப் போகாது" என்றார் டாக்டர். பிரசவத்துக்குப் பிறகும் சில வாரம் ஊசி வேண்டும் என்றார். மாதந்தோறும் 9ஆம் தேதி அரசு மருத்துவமனைகளில் கர்ப்பிணிகளுக்கு இலவசப் பரிசோதனை உண்டு. 2016 முதல் இது நடக்கிறது. அன்றும் வரச் சொன்னார்.

இப்போதும் மாலையில் ஆச்சி வருகிறார். டாக்டரிடம் கேட்டுக்கொண்டு, தோளையும் இடுப்பையும் மட்டும் நீவி விடுகிறார்.