தீயில் எஞ்சிய ஏடுகள்

வரலாறு தளபதிகளை மறப்பதில்லை. கடைநிலைப் படைவீரனின் பெயரையோ ஏடுகளே காத்தல் வேண்டும். அமெரிக்காவில் அவ்வேடுகளின் களஞ்சியம் செயின்ட் லூயிஸ் பகுதியிலுள்ள தேசியப் பணியாளர் ஆவண மையமாகும். 1973 சூலை 12 அன்று அங்கு மூண்ட தீ ஏறத்தாழ 1.6 முதல் 1.8 கோடிக் கோப்புகளை அழித்தது. 1912 நவம்பர் 1 முதல் 1960 சனவரி 1 வரை தரைப்படையினின்று விடுபட்டோரின் கோப்புகளில் 80 விழுக்காடு மறைந்தது. அவற்றுக்குப் படியும் இல்லை. நுண்படச் சுருளும் இல்லை.

இழப்பு ஏட்டளவில் நின்றதன்று. முன்னாள் வீரர்க்குரிய உதவித்தொகை, மருத்துவம், நல்லடக்கச் சலுகை ஆகிய யாவும் பணிச்சான்றைச் சார்ந்தவை. ஆயினும் ஆய்வாளர் சோர்ந்தாரல்லர். இறுதி ஊதியச் சீட்டு, படைச்சேர்க்கைப் பதிவட்டை, மாநில ஆவணம், படைப்பிரிவின் காலையறிக்கை எனச் சிதறிக் கிடந்தவற்றை ஒப்புநோக்கிப் பணி வரலாற்றை மீட்டெடுக்கின்றனர்.

இங்கு மாணவர் கருதத்தக்கது ஒன்றுண்டு. காலையறிக்கை அன்றாட மாற்றங்களையே குறிக்கும்: சேர்ந்தவர், பிரிந்தவர், நோயுற்றவர், மாண்டவர். நாளும் தவறாது கடமையாற்றியவனின் பெயர் அதில் இடம்பெறாது. ஆகவே ஏட்டில் இல்லாமை, களத்தில் இல்லாமைக்குச் சான்றாகாது. அவ்வாறே, பெயர் ஒத்திருத்தல் மட்டும் போதாது. பணி எண்ணும் படைப்பிரிவும் ஒத்தல் வேண்டும்.

மறைந்தோர்க்கு அவர்தம் பெயரைப் பிழையின்றி மீட்டளிப்பதே ஆய்வின் அறம்.